ஸ்டென்ட் வைத்து வீடு வந்த பிறகு: 12 வார இதய மறுவாழ்வும் சமையலறைக் கணக்கும்

மாரடைப்பு வந்தது, கோயம்புத்தூரிலோ ஈரோட்டிலோ சேர்த்தோம், அடைபட்ட ரத்தக்குழாயைத் திறந்து வைக்க ஸ்டென்ட் என்ற சின்னக் கம்பிவலைக் குழாய் வைத்தார்கள், சில நாளில் வீட்டுக்கு வந்தாயிற்று. இத்தோடு வைத்தியம் முடிந்தது என்றுதான் நம் பக்கத்தில் பெரும்பாலானோர் நினைக்கிறோம். ஸ்டென்ட் சரிசெய்தது ஒரு ரத்தக்குழாயில் ஒரு இடத்தை. அந்த அடைப்பை உண்டாக்கிய சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, கெட்ட கொழுப்பு, பீடி, உப்பு, உட்கார்ந்தே கிடப்பது எதையும் அது தொடவில்லை. அதைத் தொடுகிற வைத்தியத்துக்குப் பெயர் இதய மறுவாழ்வு, ஆஸ்பத்திரிகளில் கார்டியாக் ரீஹேப் என்பார்கள். உடற்பயிற்சி, மாத்திரை, சாப்பாடு, மனசு ஆகிய நான்கையும் சேர்த்து சுமார் 12 வாரத்துக்குத் திட்டமிட்டுச் செய்வது.

இது ஏதோ கூடுதல் வசதி என்று நினைக்க வேண்டாம். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் என்ற சர்வதேச அமைப்பின் 2021 தொகுப்பாய்வு 85 ஆய்வுகளை, 23,000க்கும் மேற்பட்ட நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்தது. உடற்பயிற்சியோடு கூடிய மறுவாழ்வு எடுத்தவர்களிடம் இதயநோயால் வரும் மரணமும், மறுபடி மாரடைப்பும், மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்வதும் குறைந்திருந்தன. இவ்வளவு பலன் தரும் ஒன்றை நம் ஊரில் டிஸ்சார்ஜ் அன்று கேட்டு வாங்குபவர்கள் ரொம்பக் குறைவு.

அந்தியூரிலிருந்தோ தாராபுரத்திலிருந்தோ வாரம் மூன்று நாள் கோவைக்குப் போய் வர யாரால் முடியும், அதுவும் கூட ஒரு ஆள் லீவு போட்டு வர வேண்டும் என்றால்? முடியாதுதான். வீட்டிலேயே செய்யும் முறை அதற்குத்தான். 2023இல் வந்த இன்னொரு காக்ரேன் தொகுப்பு, வீட்டில் செய்தவர்களையும் மையத்துக்குப் போய்ச் செய்தவர்களையும் 24 ஆய்வுகளில் ஒப்பிட்டது. உடல்திறன், வாழ்க்கைத் தரம், மரண விகிதம் ஆகியவற்றில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. நியூசிலாந்தில் 162 பேரை வைத்துச் செய்து 2019இல் வெளியான ஆய்வில், தூரத்திலிருந்தே கருவி மூலம் கவனிக்கப்பட்டவர்கள் மையத்துக்குப் போனவர்களுக்குச் சளைக்கவில்லை, செலவும் குறைவு. ஒன்றை மறக்கக் கூடாது. இந்த ஆய்வுகளில் பெரும்பாலும் சேர்ந்தவர்கள் நிலையான உடல்நிலையில் இருந்தவர்கள். அதனால்தான் முதல் படி நடையிலிருந்து தொடங்கவில்லை.

படி 1: டிஸ்சார்ஜ் ஆகும் முன் கேட்க வேண்டியவை

பில் கட்டும் அவசரத்தில் விட்டுப்போகும் கேள்விகள் இவை, ஒரு தாளில் எழுதி டாக்டரிடம் நீட்டிவிடுங்கள். இதயத்தின் பம்ப் அளவு, அதாவது எக்கோ ரிப்போர்ட்டில் வரும் எஜெக்ஷன் ஃபிராக்ஷன், எத்தனை சதவீதம்? எல்லா அடைப்பையும் சரிசெய்தாயிற்றா, இன்னும் பாக்கி இருக்கிறதா? நடக்கும்போது நாடித்துடிப்பு எவ்வளவு வரை போகலாம்? வீட்டில் உடற்பயிற்சி செய்யலாமா, டிரெட்மில் பரிசோதனை வேண்டுமா? எந்த மாத்திரை எத்தனை மாதத்துக்கு?

பம்ப் அளவு 40 சதவீதத்துக்குக் கீழே இருந்தாலோ, வால்வில் கடுமையான சுருக்கம் இருந்தாலோ, படபடப்பு அடிக்கடி வந்தாலோ, சும்மா இருக்கும்போதே நெஞ்சு வலித்தாலோ வீட்டில் தன்னிச்சையாகத் தொடங்க வேண்டாம், முதல் சில வாரமாவது மேற்பார்வையில் செய்யுங்கள். பைபாஸ் ஆனவர்களுக்குத் தனிக் கணக்கு. ஆபரேஷனில் பிளந்த நெஞ்செலும்பு மறுபடி ஒன்றுசேர 6 முதல் 12 வாரம் ஆகும். அதுவரை கிணற்றில் தண்ணீர் இறைப்பது, தீவன மூட்டை தூக்குவது, வண்டியைக் கிக்கர் அடிப்பது, கன்றுக்குட்டியைக் கயிற்றோடு இழுத்துப் பிடிப்பது எதுவும் கூடாது. கடைசியாகச் சொன்னதைத் தோட்டத்துக்காரர்களுக்கு யாரும் சொல்லி அனுப்புவதில்லை, அங்கேதான் தையல் பிரிகிறது.

மாத்திரையைப் பற்றி ஒன்று மட்டும் அழுத்திச் சொல்கிறேன். ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு ரத்தம் உறையாமல் இருக்க இரண்டு மாத்திரைகள் சேர்த்துக் கொடுப்பார்கள், பெரும்பாலும் ஒரு வருடம் வரை. பல் பிடுங்க வேண்டும் என்றோ, வயிறு எரிகிறது என்றோ, இப்போது நன்றாகத்தான் இருக்கிறது என்றோ இதயநோய் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தினால் ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்துவிடலாம், அது உயிர் போகிற விஷயம்.

படி 2: வீட்டில் வாங்கி வைக்க வேண்டியது

மேற்கையில் கட்டும் டிஜிட்டல் பி.பி. மெஷின், மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம். உடம்பு எடை பார்க்கும் மெஷின் ஒன்று. சமையலறைக்குக் கிராம் காட்டும் சின்னத் தராசு ஒன்று. நெஞ்சு வலித்தால் நாக்கின் கீழ் வைக்கும் மாத்திரை, டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தால், சட்டைப் பையிலேயே இருக்க வேண்டும், பீரோவில் இல்லை. அப்புறம் ஒரு நீளமான நோட்டு, எடை, பி.பி., நடந்த நிமிடம் எல்லாவற்றையும் தினமும் கட்டம் போட்டு எழுத.

பி.பி. பார்க்கிறேன் என்று தோட்டத்திலிருந்து வந்ததும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டே கையை நீட்டினால் வருகிற எண்ணுக்கு அர்த்தமில்லை. 5 நிமிடம் நாற்காலியில் முதுகு சாய்த்து உட்கார்ந்து, கால் இரண்டும் தரையில் பதிந்து, கை நெஞ்சு மட்டத்தில் இருக்க, பேசாமல் பார்க்க வேண்டும். அரை மணி நேரத்துக்குள் காபியோ பீடியோ கூடாது. ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை பார்த்து இரண்டையும் எழுதுங்கள்.

படி 3: முதல் நாள் அளவு

எங்கிருந்து கிளம்புகிறோம் என்று தெரியாமல் முன்னேற்றத்தை அளக்க முடியாது. இதற்கு ஆய்வாளர்களே பயன்படுத்தும் எளிய சோதனை 6 நிமிட நடை. டாக்டர் சரி என்று சொன்ன பிறகு, சமதளமான இடத்தில், நெல் காயவைக்கும் களமாக இருந்தால் ரொம்ப நல்லது, டேப் வைத்து 30 மீட்டர் அளந்து இரண்டு முனையிலும் ஒரு கல் வையுங்கள். 6 நிமிடத்தில் அவசரப்படாமல், ஆனால் தன்னால் முடிந்த அளவு, எத்தனை தடவை போய் வருகிறார் என்று கூட ஒருவர் எண்ண வேண்டும். நடுவில் நிற்கலாம், கடிகாரம் மட்டும் ஓடட்டும். மீட்டரை எழுதி வையுங்கள். 6ஆம் வாரமும் 12ஆம் வாரமும் இதே இடத்தில், இதே செருப்போடு மறுபடி பாருங்கள். சுமார் 25 மீட்டர் கூடினாலே அது உண்மையான முன்னேற்றம்.

படி 4: நடை

முதல் வாரம் ஒரு நாளுக்கு இரண்டு வேளை, வேளைக்கு 5 முதல் 10 நிமிடம், வீட்டு வாசலைச் சுற்றியே போதும். பிறகு சில நாளுக்கு ஒருமுறை 2, 3 நிமிடம் கூட்டி, 6 முதல் 8 வாரத்துக்குள் ஒரே மூச்சில் 30 நிமிடம், வாரம் 5 நாள் என்று கொண்டுவர வேண்டும். அதுதான் உலகம் முழுக்கச் சொல்லப்படும் வாரத்துக்கு 150 நிமிடம். ஒவ்வொரு தடவையும் முதல் 5 நிமிடமும் கடைசி 5 நிமிடமும் மெதுவாக நடக்க வேண்டும், சடாரென்று நின்றால் ரத்தம் காலிலேயே தங்கித் தலை கிறுகிறுக்கும்.

எவ்வளவு வேகம் என்பதில்தான் எல்லோரும் குழம்புகிறார்கள். நாடித்துடிப்பின் உச்ச எல்லைக்கு 220இலிருந்து வயதைக் கழி என்று போனில் வரும் கணக்கை விட்டுவிடுங்கள். மாரடைப்பு வந்த பலர் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறார்கள், அது நாடித்துடிப்பையே அடக்கி வைக்கும், அதனால் அந்தக் கணக்கு அவர்களுக்குப் பொருந்தாது. அதற்குப் பதில் இரண்டு வழி. முதலாவது பேச்சு: நடந்துகொண்டே பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும், ஆனால் பாட்டுப் பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்க வேண்டும். இரண்டாவது, சுவீடனைச் சேர்ந்த குன்னார் போர்க் உருவாக்கிய மதிப்பெண், உடம்புக்கு எவ்வளவு சிரமமாக இருக்கிறது என்று நாமே போட்டுக்கொள்வது. 6 என்றால் சும்மா உட்கார்ந்திருப்பது, 20 என்றால் இனி ஒரு அடி வைக்க முடியாது. நமக்கு வேண்டியது 11 முதல் 13. ஏன் 6இல் தொடங்குகிறது என்றால், அந்த எண்ணைப் பத்தால் பெருக்கினால் ஆரோக்கியமான ஒருவரின் நாடித்துடிப்புக்கு ஏறத்தாழ வரும்படி அவர் அமைத்தார்.

சாப்பிட்டு ஒன்றரை மணி நேரமாவது ஆகட்டும். ஈரோடு, கரூர் பக்கம் சித்திரை வைகாசியில் காலை 7 மணிக்குள் முடித்துவிடுங்கள், வெயிலும் நடையும் சேர்ந்தால் இதயத்துக்கு இரட்டை வேலை. பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் ஆடிக் காற்றில் எதிர்காற்றுக்கு நடப்பதும் பாரம்தான், அன்று வேகத்தைக் குறையுங்கள். வாய்க்கால் கரை அழகாக இருக்கும், ஆனால் மேடு பள்ளமும் நாயும் இல்லாத தார் ரோடோ, பள்ளிக்கூட மைதானமோ முதல் மாதத்துக்கு நல்லது. கூட ஒரு ஆள், கையில் போன்.

காய்ச்சல், வயிற்றுப்போக்கு இருந்தாலோ, உட்கார்ந்திருக்கும்போதே பி.பி. 180க்கு மேல் அல்லது கீழ் எண் 110க்கு மேல் இருந்தாலோ அன்று நடை வேண்டாம், டாக்டருக்குப் போன் செய்யுங்கள்.

நடை பழகிச் சில வாரம் ஆன பிறகு, பிசியோதெரபிஸ்ட் சரி என்றால், நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தூக்குவது போன்றவற்றைச் சேர்க்கலாம். மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கக் கூடாது, தூக்கும்போது மூச்சை வெளியே விடுங்கள்.

யோகாவைப் பற்றிப் பலர் கேட்பார்கள். நம் நாட்டிலேயே 24 மருத்துவமனைகளில் 3,959 பேரை வைத்துச் செய்து 2020இல் வெளியான யோகா-கேர் ஆய்வு இருக்கிறது. 12 வாரத்தில் 13 வகுப்புகள், அப்புறம் வீட்டில் பயிற்சி. அதில் சேர்ந்தவர்கள் பழைய வேலைகளுக்கு நன்றாகத் திரும்பினார்கள், உடம்பு தேவலை என்றும் சொன்னார்கள். மரணத்தையோ மறு மாரடைப்பையோ குறைத்தது என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு அந்த ஆய்வில் எண்ணிக்கை போதவில்லை. ஆகவே நடக்க முடியாதவர்களுக்கும், பயந்து ஒதுங்குபவர்களுக்கும் அது நல்ல தொடக்கம். நடக்க முடிந்தவர்கள் நடையை விட்டுவிட்டு யோகா மட்டும் செய்ய வேண்டாம் என்பது என் கருத்து.

படி 5: போனில் வாராவாரம்

தொலைவிலிருந்து மறுவாழ்வு என்றதும் பெரிய கருவி எல்லாம் வேண்டுமோ என்று தயங்காதீர்கள். ஆஸ்திரேலியாவில் 710 பேரிடம் செய்த ஒரு ஆய்வில், 2015இல் வெளியானது, வாரத்துக்கு 4 குறுஞ்செய்தி வீதம் 6 மாதம் அனுப்பினார்கள், அவ்வளவுதான். கெட்ட கொழுப்பும் ரத்த அழுத்தமும் குறைந்தன, நடப்பது கூடியது, புகைப்பவர்கள் குறைந்தார்கள். யாரோ ஒருவர் விடாமல் கேட்கிறார் என்பதற்கே அவ்வளவு பலம்.

சிகிச்சை எடுத்த ஆஸ்பத்திரியின் பிசியோதெரபிஸ்டிடமோ நர்ஸிடமோ வாரம் ஒரு போன் பேச முடியுமா என்று கேளுங்கள். இல்லையென்றால் அரசின் இ-சஞ்சீவனி வழியாக டாக்டரிடம் பேசலாம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் சுகாதாரப் பணியாளரிடம் நோட்டைக் காட்டலாம், சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் மாத்திரை அதிலேயே வீடு தேடி வரும். இதோடு, வீட்டில் ஒருவர் பொறுப்பு எடுக்க வேண்டும், திருப்பூரிலோ பெங்களூரிலோ வேலை பார்க்கும் மகளாக இருந்தாலும் சரி. தினமும் நோட்டுப் பக்கத்தைப் படம் எடுத்து வாட்ஸாப்பில் அனுப்பினால் போதும்.

போனில் என்ன பேசுவது என்பது முக்கியம். வழக்கமாக நடப்பது இது:

"ஐயா, வணக்கங்க. இந்த வாரம் எப்படி இருக்கறீங்க?"

"பரவாயில்லீங்க. நடந்துட்டுத்தான் இருக்கறேன்."

இந்தப் பதிலை வைத்து யாரும் எதுவும் செய்ய முடியாது. நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் இப்படி வரும்:

"நாலு நாள் 18 நிமிசம் நடந்தனுங்க, மார்க்கு 12. செவ்வாக்கெழம மட்டும் போகலீங்க. எடை மூணு நாள்ல ரெண்டரைக் கிலோ ஏறிருக்குதுங்க. புதன் ராத்திரி மல்லாந்து படுத்தா மூச்சு வாங்குச்சு, தலவாணிய ஒசத்திப் போட்டுத்தான் தூங்குனனுங்க."

இதைக் கேட்ட டாக்டர் அன்றைக்கே வரச் சொல்வார். மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் எடை ஏறுவதும், படுத்தால் மூச்சு வாங்குவதும் உடம்பில் நீர் சேர்கிறது, இதயம் திணறுகிறது என்பதன் அடையாளம். "பரவாயில்லீங்க" என்ற ஒரு சொல்லுக்குள் இது மறைந்துவிடும், நம் ஆட்கள் அடுத்தவருக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது என்றே அப்படிச் சொல்வார்கள்.

படி 6: சமையலறை, மிச்சம் விழும் சோறு

இதய மறுவாழ்வு பற்றிய வழிகாட்டியில் மிச்சச் சோற்றுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். பெரிய வேலை இருக்கிறது. நம் வீடுகளில் நாலு பேருக்கு ஆறு பேர் அளவு பொங்குவது பழக்கம், யாராவது வந்தால் என்ன செய்வது என்று. யாரும் வரவில்லை என்றால் அந்த மிச்சம் இரண்டு இடத்துக்குப் போகிறது: ஒன்று குப்பைக்கோ கட்டுத்தரைக்கோ, இன்னொன்று வீணாக்கக் கூடாது என்று மனசு கேட்காத ஒருவரின் வயிற்றுக்கு. அந்த ஒருவர் பெரும்பாலும் வீட்டின் பெரியவர், அவர்தான் இப்போது நோயாளியும்.

ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கைப்படி 2022இல் உலகில் 105 கோடி டன் உணவு வீணானது, அதில் 60 சதவீதம் வீடுகளில். இந்திய வீடுகளில் ஒரு ஆளுக்கு வருடம் 55 கிலோ என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். "எங்க வீட்டுல ஒண்ணும் வீணாகறதில்லீங்க" என்று எல்லோரும் சொல்வார்கள், பொய்யாக அல்ல, உண்மையாகவே அப்படி நம்பித்தான். வீணாகும் உணவை ஆராய்பவர்கள் நினைவிலிருந்து எழுதச் சொன்னால் குறைவாகவே வரும் என்று தெரிந்து, எடை போட்டுத்தான் பார்க்கிறார்கள். நடையிலும் இதே கதைதான், கேட்டால் அரை மணி என்போம், கடிகாரம் பார்த்தால் 17 நிமிடம் இருக்கும்.

ஆகவே ஒரு வாரத்துக்கு, தட்டிலும் பாத்திரத்திலும் மிஞ்சுவதை ஒரு சட்டியில் போட்டு ராத்திரி தராசில் வைத்து, அதே நோட்டில் கடைசிக் கட்டத்தில் கிராம் எழுதுங்கள். கறிவேப்பிலை, முருங்கைச் சக்கை, தோல் எல்லாம் தனி. எந்த நாளில் எது மிஞ்சுகிறது என்று ஒரு வாரத்திலேயே தெரிந்துவிடும், வழக்கமாகச் சோறும் சாம்பாரும்தான். அடுத்த வாரம் அரிசி அளக்கும் டம்ளரில் அந்த அளவைக் குறையுங்கள். ஒரு பங்கு அரிசி எடையில் இரண்டரை மூன்று பங்கு சோறாகும், ஆகவே 300 கிராம் சோறு மிஞ்சினால் 100 கிராம் அரிசி அதிகம் போட்டிருக்கிறோம் என்று அர்த்தம். மாட்டுக்குத்தானே போகிறது என்று விட வேண்டாம். ஒரேயடியாகச் சோற்றைக் கொட்டினால் மாட்டின் வயிற்றில் அமிலம் கூடி அசைபோடுவதே நின்றுபோகும், கால்நடை டாக்டரைக் கேட்டால் சொல்வார். தோலும் சக்கையும் காய்ந்த தென்னஞ்சருகோடு சேர்த்து எருக்குழிக்குப் போகட்டும்.

மிச்சக் குழம்பில் ஒரு நுட்பம் இருக்கிறது. காலையில் வைத்த குழம்பை மதியம் ஒருமுறை, ராத்திரி ஒருமுறை, மறுநாள் ஒருமுறை சூடு பண்ணினால் தண்ணீர் வற்றும், உப்பு வற்றாது. சுண்டச் சுண்ட ஒரு கரண்டிக்குள் இருக்கும் உப்பு கூடிக்கொண்டே போகும், ருசியும் அதனால்தான். இதய நோயாளிக்கு அந்தச் சுண்டின குழம்பு வேண்டவே வேண்டாம். சோறு மிஞ்சினால் இரண்டு மணி நேரத்துக்குள் ஆறவைத்துப் பிரிட்ஜில் வைத்துவிடுங்கள். சோற்றில் வளரும் ஒருவகைக் கிருமியின் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது, வாந்தியோடு மாத்திரையும் வெளியே வந்துவிட்டால் பிரச்சினை இரட்டிப்பு.

உப்புக்கு ஒரு சுலபமான வீட்டுக் கணக்கு. உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள். நாலு பேர் வீட்டில் ஒரு கிலோ உப்புப் பாக்கெட் 50 நாள் வர வேண்டும், அதுவும் ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், கருவாடு, பேக்கரிப் பப்ஸ் எதுவும் இல்லாமல். பாக்கெட் பிரித்த தேதியை அதன் மேலேயே பேனாவால் எழுதிவிடுங்கள். உப்புக்குப் பதிலாகப் பொட்டாசியம் கலந்த உப்பு விற்கிறார்கள், பொதுவாக நல்லதுதான், ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் சிலவகை பி.பி. மாத்திரை சாப்பிடுபவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. இளநீருக்கும் இதே எச்சரிக்கை, பொள்ளாச்சிக்காரர்கள் கவனிக்க.

வடை சுட்ட எண்ணெயை அடுத்த வாரம் தாளிப்புக்கு எடுப்பதை நிறுத்துங்கள், திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெய் கெட்டது. அதை வீணாகிறதே என்று பார்த்தால், வீணாகாத வழி முதலிலேயே குறைவாக ஊற்றுவதுதான். நம்மிடம் இருக்கும் நல்லதை விட்டுவிடவும் வேண்டாம்: கொள்ளுப் பருப்பு, பச்சைப்பயறு கடைசல், கீரை, கம்பங்கூழ், ராகிக்களி எல்லாம் அளவோடு அருமையான சாப்பாடு. தட்டில் பாதி காயும் கீரையும், மீதிப் பாதியில் சோறும் பருப்பும். கல்யாணத்திலும் கெடா விருந்திலும் "இன்னுங் கொஞ்சம் வெச்சுக்கங்க மாமா" என்று இலைக்கு வந்துவிடுவார்கள். இலையில் விழுந்த பிறகு தின்னவும் முடியாது, விடவும் மனசு வராது. பரிமாறும் முன்பே கையை இலைமேல் வைத்துவிடுவது ஒன்றுதான் வழி.

படி 7: ஆபத்து வந்தால்

நெஞ்சில் பாரம், இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, காரணமில்லாத வியர்வை, மூச்சுத் திணறல். பெண்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் வலியே இல்லாமல் களைப்பும் மூச்சு வாங்குதலும் மட்டும் வரலாம். உடனே நின்று உட்காருங்கள். நாக்கின் கீழ் மாத்திரையை உட்கார்ந்துதான் வைக்க வேண்டும், பி.பி. இறங்கி விழுந்துவிடக் கூடாது. 5 நிமிடத்தில் குறையவில்லை என்றால் 108. கேஸ் தொந்தரவு என்று சோடாவும் ஓமத் தண்ணீரும் குடித்துக் காத்திருக்க வேண்டாம், பைக்கில் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிப்போகவும் வேண்டாம்.

தோட்டத்து வீட்டுக்காரர்கள் இன்றே செய்ய வேண்டியது ஒன்று. மெயின் ரோட்டிலிருந்து வீட்டுக்கு வரும் வழியை, எந்தக் கோயில், எந்த டிரான்ஸ்பார்மர், எத்தனையாவது கேட் என்று ஒரு அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள், போன் செய்பவர் பதற்றத்தில் மறந்துவிடுவார். ரோட்டு முனையில் டார்ச்சோடு யார் போய் நிற்பது, நாயைக் கட்டுவது யார் என்றும் இப்போதே பேசி வையுங்கள்.

படி 8: மனசு, குடும்பம், வேலை

மூன்றாம் நான்காம் வாரத்தில் பலருக்கு மனசு சோர்ந்துவிடும். எரிச்சல், தூக்கமின்மை, இனி நான் எதற்கும் ஆகமாட்டேன் என்ற பேச்சு. இது இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், மனச்சோர்வு உள்ளவர்கள் மாத்திரையையும் நடையையும் விட்டுவிடுகிறார்கள், அதற்கும் மருந்து உண்டு. இன்னொரு பக்கம், அம்மணி பயந்துபோய் "நீங்க எந்திரிக்கவே வேண்டாம், உக்காருங்க" என்று தாங்குவார். அவரையும் நடைக்குக் கூட்டிப்போங்கள். தாம்பத்தியம் பற்றிக் கேட்கக் கூச்சப்பட்டுப் பலர் பயத்திலேயே இருந்துவிடுகிறார்கள். இரண்டு மாடிப் படி மூச்சு வாங்காமல் ஏற முடிந்தால் பொதுவாகப் பிரச்சினை இல்லை. ஆனால் நாக்கின் கீழ் மாத்திரை சாப்பிடுபவர்கள் ஆண்மைக்கான மாத்திரையைச் சேர்த்து எடுத்தால் பி.பி. அபாயமாக இறங்கும், கூடவே கூடாது. பீடி, சிகரெட், புகையிலை: இன்றோடு நிறுத்த வேண்டும், குறைப்பது போதாது.

12ஆம் வாரம் மறுபடி களத்தில் 30 மீட்டர் அளந்து நடந்துவிட்டு, முழு நோட்டையும் எடுத்துக்கொண்டு டாக்டரைப் பாருங்கள். கொழுப்பும் மூன்று மாதச் சர்க்கரையும் அந்த வாரமே பரிசோதித்துவிடுங்கள். தறி ஓட்டுபவர், டிராக்டர் ஓட்டுபவர், பனியன் கம்பெனியில் இரவு ஷிப்ட் பார்ப்பவர், தென்னை மரம் ஏறுபவர் என்று வேலையை அதன் பெயரோடு சொல்லிக் கேளுங்கள். "வேலைக்குப் போலாங்களா" என்று மட்டும் கேட்டால் சரி என்பார்கள், மரம் ஏறுவதா மேஜை வேலையா என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? அடுத்த மூன்று மாதத்துக்கான நடை நிமிடத்தையும், நாடித்துடிப்பு எல்லையையும் அவர் கையாலேயே அந்த நோட்டில் எழுதி வாங்கி வாருங்கள்.